இடப்பக்கத்து ஸ்பீக்கர்

"மைக் ஏன் கூவுது, சேர்?" என்று ஒருமுறை வகுப்பில் ஒருத்தி கேட்டாள். இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்துக் காட்டினேன். ஒன்றுக்குள் ஒன்றாக, முடிவே இல்லை. ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போனாலும் இப்படித்தான் என்றேன்.

இன்று காலை மாத்தளை மண்டபத்தில் ஒத்திகையின்போது அதே தவறை நானே செய்தேன்.

மகள் அனுப்பிய லூப் பெட்டி, நாம் வாசிப்பதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும். முன்பு ஆறுமுகம் வாசித்துவந்த இரண்டாம் பங்கை முதலில் நானே வயலினில் வாசித்துப் பதிந்தேன். அதன்மேல் என் பங்கு.

ரத்தோட்டைத் தோட்டத்து ஆறுமுகம் எப்போதும் என் இடப்பக்கம் உட்கார்ந்து வாசிப்பான். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறிப் போனவன். இரண்டு கடிதங்களுக்குப் பிறகு தகவல் இல்லை. அதனால் ஸ்பீக்கரையும் இடப்பக்கமே வைத்தேன்.

வில்லை இழுத்ததும் ஊளை. பெட்டி அந்த ஊளையையும் பதிந்து திருப்பிப் பாடியது.

"மாஸ்டர், ஸ்பீக்கர் பொக்ஸ மைக்கோட ஒட்டி வச்சா கூவாம என்ன செய்யும்?" என்றார் சவுண்ட் பார்க்கும் பாரூக் நானா. "முன்னுக்குத் தள்ளுவோம்."

"பக்கத்துலயே இருக்கட்டுமே, நானா."

"இருக்கலாம். அப்ப சத்தத்த நல்லா கொறைக்கணும். எது வேணும்?"

தள்ளச் சொன்னேன். ஆறுமுகத்தின் பங்கு சுத்தமாகக் கேட்டது, ஆனால் எட்டத்திலிருந்து. அவன் ஓரிடத்திலும் தாளம் தப்பவில்லை. நான்தான் இரண்டு இடத்தில் பிந்தினேன்.

இதைப் படிப்பவர்களில் ஆறுமுகத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.

லூப் வாசிப்பவர்களே, ஸ்பீக்கரை மேடையின் முன்னால் தள்ளி, மைக்கின் முதுகு அதைப் பார்க்கும்படி வைத்துப் பாருங்கள்.