அத்தைக்கு அமையாத டாப்ஸ்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், அத்தைக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அப்பாவின் தங்கை அவள். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களோடுதான் இருந்தாள். தொழிற்சாலையிலிருந்து வந்த கடிதத்தை அப்பா பக்கத்து வீட்டுக்கெல்லாம் எடுத்துப் போய்க் காட்டினார்.

ஒரு நிபந்தனை இருந்தது. இயந்திரங்களுக்கு நடுவே நடமாடும் வேலை என்பதால் புடவை கூடாது, துப்பட்டாவும் கூடாது. பேன்ட்டும், காலர் வைத்த பருத்தி டாப்ஸும்தான் போட வேண்டும்.

அத்தைக்குத் தோள் குறுகல், இடுப்பு சின்னது, மார்பு பெரிது. பனியன் துணி என்றால் உடம்போடு இழுபட்டுக் கொடுக்கும். நெய்த துணி கொடுக்காது. மார்புக்குப் பார்த்து எடுத்தால் தோள் பாதிக் கைக்கு இறங்கிவிடும். தோளுக்குப் பார்த்து எடுத்தால் பட்டன் நிற்காது. இதெல்லாம் என் உடம்பும் அதே மாதிரி வளர்ந்த பிறகு எனக்குத் தெரிந்தவை. தீபாவளி நெருக்கத்தில் எந்தத் தையல்காரரும் தைக்கப் புதுத் துணி வாங்கிக்கொள்ளவில்லை. அவள் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனாள். நான்கு கடை ஏறி இறங்கினோம். ஐந்தாவது கடையில் மூலையில் திரை கட்டி, உடுத்திப் பார்க்க இடம் விட்டிருந்தார்கள். அத்தை உள்ளே. நான் திரைக்கு வெளியே. கடைக்காரர் தருவதை உள்ளே நீட்டுவதும், அத்தை திருப்பித் தருவதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. கடையே என்னால்தான் நடக்கிறது என்று எனக்கு நினைப்பு.

ஆறாவது டாப்ஸ் வெளிர் நீலம். வெகுநேரமாகியும் அது திரும்பி வரவில்லை. நான் திரையை விலக்கித் தலையை நீட்டினேன். அத்தை மூச்சை உள்ளே இழுத்து, இரண்டாவது பட்டனைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். மூச்சை விட்டதும் பட்டன் தானாகக் கழன்றுகொண்டது.

கடைக்காரர் கல்லாப் பக்கமிருந்து கேட்டார்: "பாப்பா, அது சரியா கீதா, இல்லியா? அக்கா இன்னா சொல்றாங்க?"

கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பள்ளியில் கற்றுத்தந்த பழக்கம். "தோள் லூஸ் அண்ணா, இடுப்பும் லூஸ். நெஞ்சுல மட்டும் பட்டன் நிக்க மாட்டேங்குது," என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி.

துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைக்காரர் சட்டென்று வேறு பக்கம் திரும்பி, மடித்த துணியையே மறுபடி மடித்தார். எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டேன் என்று நானும் சிரித்தேன்.

அத்தை தன் பழைய சுடிதாரில் வெளியே வந்தாள். நீல டாப்ஸை மேசைமேல் வைத்தாள். "வேணாங்க," என்றாள்.

"இன்னொரு மாடல் கீதுக்கா, எடுத்தாறட்டா?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"பரவால்லைங்க." என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே நடந்தாள். திட்டுவாளோ என்று பயந்தேன். திட்டவில்லை. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் காலை அப்பாவிடம், "அந்த ஷிஃப்ட் எல்லாம் எனக்குச் சரிப்படாதுண்ணா," என்றாள். அப்பா கத்தினார். அம்மா தனியே கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தாள். அத்தை அதையே திரும்பச் சொன்னாள்.

நான் சொன்னது மட்டும்தான் காரணமா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த வருடம் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், புடவையில் போய்வந்தாள். அந்தக் கடையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது அத்தை வீட்டில்தான் இருந்தாள். கணக்கு சொல்லிக்கொடுத்தாள், இரட்டைச் சடை பின்னிவிட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். என்னை விட்டுப் போக மனசில்லாமல்தான் எங்கள் அத்தை வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று, மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்.