ட்ரெய்லருக்குள் வந்த விருந்தாளி

சில வருடங்களுக்கு முன், கனடாவின் மொன்றியலில் ஒரு நவம்பர் கடைசி. செயின்ட்-மிஷேலில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, காரின் பின்னால் இழுத்துப்போகும் ஒரு பழைய ட்ரெய்லரில் குளிர்காலம் முழுக்கக் குடியிருக்க நானும் கணவரும் துணிந்தோம். புவாண்ட்-கிளேரில் அவர் வேலை செய்த கிடங்கின் பின்வளவில் நிறுத்திக்கொள்ள முதலாளி இடம் தந்தார்.

அதன்பிறகு அடைப்பதுதான் எங்கள் வேலை. அடிப்பக்கம் சுற்றிவர ஃபோம் பலகை, யன்னலுக்குப் பிளாஸ்டிக், தண்ணீர்க் குழாய்க்குச் சூடேற்றும் வயர். கூரையில் இருந்த காற்றுத் துவாரத்துக்குள் கணவர் என் தலையணையையே திணித்தார். இனிக் குளிர் எந்த வழியால் வரும், பார்ப்போம் என்று இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

குடிபுகுந்த சனிக்கிழமை பால் காய்ச்சினோம். பிறகு சாம்பிராணி. எங்கள் ஆட்கள் வீட்டில் பூசை என்றால் சாமிப்படத்துக்குப் பூ வைக்கிறார்களோ இல்லையோ, முதலில் புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் அது கத்தி ஊரைக் கூட்டும். புகைக்கும் நச்சுவாயுவுக்கும் சேர்த்து இருந்த ஒரே அலாரத்தை நாங்களும் அப்படியே வாயடைத்தோம். சாம்பிராணி முடிந்தும் சட்டியில் கரி நன்றாகக் கனன்றது. இந்தச் சூட்டை ஏன் வீணாக்க வேணும் என்று கணவர் இன்னும் கொஞ்சம் கரி போட்டு, சட்டியை மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்.

மத்தியானம் தாண்டியபோது எனக்குத் தலை இடித்தது. களைப்பு என்று நினைத்துக் கட்டிலில் சாய்ந்தேன். கண் திறந்தபோது மேசைக்கருகில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நனைந்த கறுப்புக் கோட்டு. சட்டிக்கு மேல் கையை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். எனக்குத் துளியும் பயம் வரவில்லை. அதை நினைத்துத்தான் இப்போது பயப்படுகிறேன். யார் வந்திருக்கிறார் என்று கணவரிடம் கேட்டேன். எதிர் இருக்கையில் சுருண்டு கிடந்தவர் அரைக்கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தெரியேல்லை. பாவம், நல்லா நனைஞ்சு போனார். ஒரு பால்தேத்தண்ணி குடுமப்பா."

காய்ச்சிய பால் முடிந்துவிட்டது. மிச்சப் பால் பையை விடியவே வெளியே படிக்கருகில் பனிக்குள் புதைத்து வைத்திருந்தேன். வந்தவருக்கு வெறும் தேத்தண்ணியா கொடுப்பது என்று எழுந்தேன். கால்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. கதவைத் தள்ளியதும் படியில் உருண்டு பனியில் முகங்குப்புற விழுந்தேன். குளிர்காற்று நெஞ்சுக்குள் போன பிறகுதான் புத்தி வந்தது. காலையிலிருந்து பெய்த பனி வாசலில் அப்படியே கிடந்தது. நான் விழுந்த இடத்தைத் தவிர ஒரு காலடிகூட இல்லை.

கத்தினேன். கிடங்கில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த இருவர் ஓடிவந்து கணவரை வெளியே இழுத்தெடுத்தார்கள். எத்தனை தரம் கூப்பிட்டும் அவர் அசையவில்லை. அவரை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்து அவரை மீட்டார்கள். எல்லாம் கரியின் நச்சுவாயு செய்த வேலை, அதற்கு மணம் இல்லை, மூளைக்கு இல்லாததையெல்லாம் காட்டும் என்று டாக்டர் விளக்கினார். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் கண் விழித்ததும் கணவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அந்த மனுசன் தேத்தண்ணி குடிச்சவரோ?"

அந்த விருந்தாளி நச்சுவாயு காட்டிய உருவமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் வந்தவருக்குக் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றாமல் போயிருந்தால், நாங்கள் இருவரும் அந்த இதமான சூட்டில் சுகமாகத் தூங்கியே போயிருப்போம்.