சாமி கண்ணைக் குத்தாது

நம் தேயிலை எஸ்டேட்டில் யார் இறந்தாலும் கோயில் கமிட்டியின் மாலை வீடு தேடி வரும். குழந்தைகள் காப்பகத்தில் நம் பிள்ளைகளை வளர்த்த ருக்குமணி ஆயாவுக்கு அது வரவில்லை. ‘சாமி இல்லை என்று சொன்னவள்’ என்று காரணம் சொன்னார்கள். அது பொய். சொன்னவர்களில் பாதிப் பேர் அவர் மடியில் தூங்கியவர்கள்.

செய்தியை எனக்குச் சொன்னவள் என் மகள் சரோஜா. கோத்தகிரியில் அவள் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். “அம்மா, ஆயா போயிட்டாங்க” என்றாள். சாமி படத்தின் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினாள். நான் செருப்போடு வாசலில் நின்றேன்.

எனக்கு யார் மேலும் நம்பிக்கை வராது, சாமி மேலும்தான். நான்கு வயதில் என்னைத் தூங்க வைத்துவிட்டுப் போன என் அம்மா திரும்பி வரவில்லை. பிறகு நானே எழுத்துக்கூட்டிப் படித்து, கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாசித்தேன். அந்தச் சந்தேகம் போகவில்லை.

சரோஜாவைக் காப்பகத்தில் விட்ட முதல் நாள், அவள் பராக்குப் பார்த்த நேரத்தில் நழுவினேன். ஆயா பாதி வழியில் பிடித்துவிட்டார்.

“ஏனுங்க அம்மிணி, திருடியாட்டப் போறீங்க? புள்ளைகிட்டச் சொல்லிட்டுப் போங்க.”

“சொன்னா அழுவாளுங்க.”

“அழுவட்டும். சொன்னபடி திரும்பி வாங்க. கண்ணுல படாட்டியும் அம்மா இருக்கான்னு அப்பறம் அதுவே நம்பும்.”

என் தலைத்துண்டை உருவி மகள் கையில் கொடுத்தார். வெறுந்தலையோடு தாமதமாக வேலைக்குப் போனேன். “என்ன, கல்யாணத்துக்கா வந்தே?” என்றார் மேஸ்திரி.

அப்படியும் நான் நம்பவில்லை. மத்தியானத்தில் காப்பகத்தில் அழுகைச் சத்தமே கேட்காது. தூங்க மருந்து ஏதோ கொடுக்கிறார் என்று நினைத்து, கொழுந்து நிறுக்கப் போகும் சாக்கில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் அவரவர் அம்மாவின் தலைத்துண்டை முகத்தோடு அணைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. ஆயா திரும்பாமலே சொன்னார்: “உள்ள வந்தே பாருங்க அம்மிணி. நீங்க போலீசு வேலைக்குப் போயிருக்கோணும்.”

சாமி இல்லை என்று ஆயா சொன்னதாகக் கமிட்டி சொல்லும் அந்த நாளிலும் நான் காப்பகத்தில் இருந்தேன். அழுத குழந்தையிடம் பூசாரி, “அழுதா சாமி கண்ணைக் குத்தும்” என்றார்.

“அப்படியொரு சாமி இல்லீங்க” என்றார் ஆயா. “கண்ணைக் குத்தும்னு சொல்லிப்போட்டு, நாளைக்கு அதே சாமி வந்து தூக்கும்னா புள்ளை எப்படிங்க நம்பும்?”

இதில் ‘சாமி இல்லீங்க’ என்பதை மட்டும் கமிட்டி எடுத்துக்கொண்டது. திருவிழாவுக்கு வராதவர் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். நீங்கள் தேர் இழுத்தபோது உங்கள் கைக்குழந்தைகள் யாரிடம் இருந்தன?

மாலை இல்லாத அந்த உடலருகே சரோஜா அழவில்லை. “போயிட்டு வாங்க ஆயா” என்றாள். எனக்கு வராத நம்பிக்கை அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

கமிட்டித் தலைவர் பதினாறாம் நாளுக்குள் மாலையோடு ஆயா வீட்டுக்குப் போக வேண்டும். அன்றைய பூசாரி அவர்தான், இன்றும் அவரே பூசாரி. அன்று ஆயா சொன்னதை முழுவதுமாகக் கோயில் வாசலில் அவர் சொல்ல வேண்டும். எஸ்டேட் நிர்வாகம் காப்பகத்தில் மாதம் ஒரு ஆயாவை மாற்றுவதை நிறுத்த வேண்டும். தாய்மார்கள் நழுவிப் போகக் கூடாது.

ஆயா நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பழைய தலைத்துண்டு. அதைக் கட்டிக்கொண்டு பதினாறாம் நாள் காலை கோயில் வாசலில் நிற்பேன். மாலை வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. வராவிட்டால் நழுவ மாட்டேன், சொல்லிவிட்டுத்தான் போவேன். சொன்னபடி மறுநாளும் வருவேன்.