பாதிப் பாட்டில் எழுந்து நிற்பவர்

மச்சாள் குளிர்ச்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலின் பின்பக்கப் படிகளில் கீழே இறங்கிப் போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. முறைப்பாடு சொல்லத்தான் அவரை அனுப்பினோம். கியூபெக்கில், வில்லரே என்கிற பகுதியில் எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயிலில் சனிக்கிழமை பின்னேரங்களில் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. அது தவக்காலம். மேலே நாங்கள் ஆண்டவரின் பாடுகளை உருகிப் பாடிக்கொண்டிருக்க, கீழ்த்தள மண்டபத்திலிருந்து ட்ரம்பெட்டும் ட்ரொம்போனும் தளத்தைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. எங்கள் ஆட்களில் சிலருக்குத் தங்களை அறியாமலே கால் தாளம் போட்டது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்க மச்சாளைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் அவருடைய பிரெஞ்சு. கார்டெரி என்று இங்கே சொல்லும் குழந்தைகள் காப்பகம் ஒன்றின் குசினியில் பல வருடம் சமைத்தவர். குழந்தைகளிடம் கற்ற பிரெஞ்சு என்பதால் அதில் கோபம் என்பதே கிடையாது.

போனவர் திரும்பி வரவில்லை. சத்தமும் நிற்கவில்லை. பயிற்சி முடிந்து நான் தேடிக்கொண்டு கீழே போனபோது, தலை நரைத்த ஆண்களும் பெண்களுமாக ஒரு முழு பாண்ட் மூன்று வரிசையில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு எதிரே ஒரு மடிப்புக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்தபடி மச்சாள் இருந்தார். சொல்லிவிட்டீர்களா என்று காதுக்குள் கேட்டேன். "இல்லை. இந்தப் பாட்டு முடியட்டும் எண்டு இருக்கிறன்" என்றார். அவர் வந்ததிலிருந்து எத்தனை பாட்டு முடிந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. ஒரே கட்டடத்தில் கீழ் வீட்டில் அவர்களும் மேல் வீட்டில் நாங்களும் இருக்கிறோம். அண்ணை டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மச்சாளும் அப்படித்தான். ஆனால் பாடத் தொடங்கினால் வேறு ஆள். பாடகர் குழுவில் மேல் ஸ்தாயியை எட்டிப் பிடிப்பது அவர்தான். கிறிஸ்மஸ் பூசையில் அந்தக் குரல் கோபுரம் வரைக்கும் போய் நிற்கும்.

பாண்டை நடத்தியவர் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர், கியூபெக்காரர். மச்சாள் அவரை எப்போதும், பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, மிஸ்யே என்றுதான் சொல்வார். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாசித்தது ஸ்விங் என்கிற ஆட்ட இசை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த நகரத்து மண்டபங்கள் எல்லாவற்றையும் ஆட வைத்த இசை. அவர்களுக்குப் பாடிவந்த பெண், தன் மகளோடு இருக்கவென்று தூர ஊருக்குப் போய்விட்டார். மச்சாள் கதிரையில் இருந்து வாய்க்குள் முணுமுணுத்ததை மிஸ்யே கவனித்திருக்கிறார். அடுத்த கிழமை ஒரு தேவாராதனைப் பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னார். அதற்கடுத்த கிழமை ஒரு கட்டு குறுந்தட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்துப் பெயர்பெற்ற பாண்டுகளின் பழைய ஒலிப்பதிவுகள்.

அந்த வசந்தம் முழுக்க மச்சாளின் குசினியில் அவைதான் ஓடின. லீக்ஸ் வெட்டிக்கொண்டு அவர் கேட்பார். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் இருப்பேன். அந்த இசைத்தட்டுகளின் அமைப்பு எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பாட்டு என்று போட்டால் பாடுபவரைக் காணோம். பாண்ட் மெட்டை முழுதாக ஒரு தரம் வாசிக்கும். சாக்ஸபோன்கள் ஒன்று சொல்ல ட்ரம்பெட்டுகள் மறுத்துச் சொல்லும். இனிப் பாட்டே இல்லை என்று நாங்கள் முடிவு கட்டிய நேரத்தில் ஒரு பெண் குரல் வரும். ஒரேயொரு தரம் பாடிவிட்டுப் போய்விடும். மிச்சம் மறுபடியும் பாண்டுக்குத்தான். அந்தக் காலத்து இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் பாண்ட் தலைவரின் பெயர் பெரிதாக இருக்குமாம், பாடியவரின் பெயர் அடியில் சிறிதாக. சில தட்டுகளில் பாடலும் உண்டு என்று மட்டும் போட்டிருக்குமாம், பெயரே இருக்காதாம். மேடையிலும் அவர்கள் நல்ல சட்டை போட்டு, முன்னால் ஒரு கதிரையில் சிரித்த முகத்தோடு காத்திருக்க வேண்டும். பாதிப் பாட்டில் எழுந்து பாட வேண்டும், பிறகு இருந்துவிட வேண்டும். மிஸ்யே சொன்னதாக மச்சாள் இவற்றை எனக்குச் சொன்னார்.

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. மச்சாள் கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். "முழு வீட்டையும் தாங்கள் கட்டிப்போட்டு அந்தப் பிள்ளைக்கு ஒரு யன்னல் மட்டும் விட்டிருக்கினம்" என்றார். "ஆனா பாரும், வெளிச்சம் அதுக்காலதான் வருது."

அந்தப் பாடகிகள் குரலைக் காட்டுவதில்லை என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். கோயிலில் ஆர்மோனியத்தோடு சரியாக எடுக்க வேண்டும், நீட்ட வேண்டும். இவர்களோ தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆறுதலாக உள்ளே வருகிறவர்கள் போல வந்தார்கள். பாடாதே, ஒருவருக்குச் சொல்லு என்பதுதான் மிஸ்யேயும் அவருக்குச் சொன்னது. மச்சாளுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. சொல் சொல்லாக என்னிடம் கருத்துக் கேட்டார். அவருக்குக் கிடைத்த முதல் பாட்டு, புறப்பட்டுப் போன ஒருவருக்காகச் சமையலறை விளக்கை அணைக்காமல் இருப்பவளின் பாட்டு. கருத்து விளங்கியதும், "இதை ஏன் பெலத்துப் பாடவேணும்" என்றார். அன்றிலிருந்து அவருக்கு வழி பிடிபட்டுவிட்டது.

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அந்தக் கீழ்த்தளத்தில் ஞாயிறு மத்தியான ஆட்டம் நடக்கும். மச்சாள் சேலை கட்டிக்கொண்டு போய் மடிப்புக் கதிரையில் இருந்தார். எங்கள் ஆட்களுக்குள் கதை எழும்பியது. பூசையில் பாடுகிற வாயால் ஆட்டப் பாட்டா என்று ஃபாதரிடமே யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஃபாதர் அடுத்த ஆட்டத்துக்கு வந்து, சூப் மேசைக்குப் பக்கத்தில் நின்று, கடைசிப் பாட்டு வரை கேட்டுவிட்டுப் போனார். பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணை எல்லா ஆட்டத்துக்கும் வந்தார். முன்வரிசையில் இருந்து மச்சாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எப்படி இருந்தது என்று கேட்டால், நல்லாத்தான் இருந்தது என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

இரண்டாவது குளிர்காலத்தில் மச்சாளின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டில் வந்தது, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் ஒரு இளம் பெண். நான்தான் கூடப் போனேன். குரலுக்குப் போகும் நரம்பு அந்தச் சுரப்பியோடு ஒட்டியபடிதான் போகிறது, பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனாலும் சொல்லி வைக்க வேண்டியது என் கடமை என்று அவர் நிதானமாக விளக்கினார். மச்சாள் ஒரேயொரு கேள்வி கேட்டார்: வசந்த ஆட்டம் முடியும்வரை பொறுக்கலாமா? பொறுக்காமல் இருப்பதுதான் நல்லது என்றார் டொக்டர்.

அன்று எனக்கும் சேர்த்துச் சோறு போட்டு வைத்துவிட்டு மச்சாள் அண்ணையிடம் சொன்னார், ஆட்டம் முடியட்டும், பேந்து செய்வம் என்று. அண்ணை சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை; அன்றும் உயரவில்லை.

"பாட்டில்லாமல் இருக்கலாம். நீரில்லாமல் நான் என்ன செய்யிறது?"

"பாட்டில்லாமல் இருக்கப்போறது நீங்கள் இல்லை. நான்."

நான் எழுந்து மேலே போய்விட்டேன். அடுத்த நாள் காலை மச்சாள் தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துத் திகதி வாங்கினார். பிறகு மிஸ்யேக்குச் சொன்னார். மிஸ்யே அந்தச் சனிக்கிழமையே பாண்ட் முழுவதையும் வரச்சொல்லி, ஒலிவாங்கிகளை நட்டு, விளக்கை அணைக்காதவளின் பாட்டை மச்சாளின் குரலில் பதிந்து வைத்தார். எதற்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கட்டி கெட்டதுதான். முழுதாக எடுத்தாகிவிட்டது என்று டொக்டர் சொன்னபோது அண்ணை ஆஸ்பத்திரி நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் மச்சாள் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. நரம்பு களைத்துப் போயிருக்கிறது, அறுபடவில்லை என்றார்கள். குரலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவர், தண்ணீர்க் கோப்பைக்குள் ஸ்ட்ரோவை விட்டு முனகிக்கொண்டே குமிழி ஊதச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கோடை முழுக்க கீழ் வீட்டிலிருந்து குமிழிச் சத்தம் வந்தது. மெல்ல மெல்லக் குரலும் வந்தது. ஆனால் பழைய குரல் இல்லை. கீழே, தடித்து, கொஞ்சம் மணல் கலந்தது போல. ஒரு அளவுக்கு மேலே போனால் உடைந்து காற்றாகிவிடும். பூசையில் வாயை மட்டும் அசைத்தார். மிஸ்யே அனுப்பிய அந்த ஒலிப்பதிவை நான் போடப் போனபோது, வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

இலைகள் பழுக்கத் தொடங்கியபோது, குறுந்தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவோம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் விடவில்லை. ஒரு தரம் பாடிப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டாவது வரியிலேயே குரல் உடைந்தது. பாண்ட் கொஞ்சத் தூரம் தானாகப் போய், ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. மச்சாள் மன்னிப்புக் கேட்டார், மெர்சி என்று நன்றி சொன்னார், குளிர்ச்சட்டையை எடுத்தார். மிஸ்யே அவரைப் பியானோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பாட வேண்டாம், கிழமை நாட்களைச் சொல்லு என்றார். பிறகு அதையே முனகச் சொன்னார். பியானோவில் கட்டை கட்டையாகக் கீழே இறங்கி, ஓரிடத்தில் நின்று, பென்சிலால் எதையோ தாள் ஓரத்தில் குறித்துக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிடுகிறேன் என்றார். வீட்டுக்கு நடக்கும்போது மச்சாள் சொன்னார்: "பாவம், மனம் நோகாமல் அனுப்பிவிட்டார்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். குளிர் இறுகிய பிறகு மிஸ்யே அழைத்தார். மச்சாளுக்குப் போக மனமில்லை. போய்ப் பார்த்துவிட்டு வாரும் என்றார் அண்ணை. போனோம். எல்லோர் முன்னாலும் புதுத் தாள்கள் இருந்தன. ட்ரொம்போன் வாசிக்கும் பெண், ஓய்வுபெற்ற தாதி, எனக்குப் பக்கத்தில் குனிந்து விளக்கினார். ஒரு பாட்டின் சுருதியைக் கீழே இறக்குவது ஆர்மோனியத்தில் வேறு கட்டையைத் தொடுவது போல இல்லையாம். அவ்வளவு கீழே ட்ரம்பெட்டுக்குப் பிரகாசம் போய்விடும், ட்ரொம்போன்களின் சத்தம் சேறாகக் குழம்பிவிடும். அதனால் மிஸ்யே எல்லா வாத்தியத்துக்கும் புதிதாக எழுதியிருக்கிறார். ட்ரம்பெட்டுக்கு இருந்த தொடக்கத்தைச் சாக்ஸபோன்களுக்குக் கொடுத்து, ட்ரம்பெட்டுகளின் வாயை மூடிப் பின்னால் வைத்துவிட்டார். எழுதியது, கிழித்தது, திரும்ப எழுதியது. ஒவ்வொருவரும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

மச்சாளுக்கு இது ஒன்றும் தெரியாது. கதிரையில் இருந்தார். சாக்ஸபோன்கள் தொடங்கின. பழக்கமான மெட்டு, ஆனால் மாலை மங்கிய பிறகு பார்க்கும் தெரு போல. அவர் தலையை நிமிர்த்தி வரிசை வரிசையாகப் பார்த்தார். அவர் இடம் வந்தது. எழுந்து நின்றார். ஏறிப் பிடிக்க வேண்டிய இடம் எதுவும் அந்தப் பாட்டில் இப்போது இல்லை. அந்த மணல் குரல் கால் வைத்த இடமெல்லாம் தரை இருந்தது. பாடி முடித்து அவர் இருந்தபோது யாரும் கை தட்டவில்லை; வாத்தியம் பிடித்திருந்த கைகள், தட்ட முடியாது. சப்பாத்துக் கால்களால் தரையைத் தேய்த்தார்கள். மிஸ்யே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாக்ஸபோன்களின் சத்தம் கூடிப்போச்சு, இன்னொரு தரம் என்றார்.

வசந்த ஆட்டத்தில் அதைத்தான் பாடினார். சோடி சோடியாக ஆடியவர்களில் யாருக்கும் அந்தப் பாட்டு முன்பு வேறு சுருதியில் இருந்தது தெரிந்திருக்காது. இப்போதெல்லாம் தமிழ்ப் பூசையிலும் அவர் ஆண்களின் வரிசையில் நின்று பாடுகிறார். முதல் ஞாயிறு சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது, ஆட்டம் முடிந்து நாங்கள் மூவரும் வீட்டுக்கு நடந்ததைத்தான். பின்னேர வெயில் இருந்தது. தெருவோரத்துப் பனி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"இண்டைக்கு உம்மட சொல்லெல்லாம் எனக்குக் கேட்டது" என்றார் அண்ணை.

மச்சாளுக்கு விளங்கவில்லை. அண்ணை தரையைப் பார்த்தபடி சொன்னார். விமானங்களின் இரைச்சலுக்குள் நின்ற காலத்தில் காது போகத் தொடங்கிவிட்டது. மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் ஒன்றும் பிடிபடுவதில்லை. குழந்தைகள் கதைப்பதும் அப்படித்தான். அவர் அதை யாருக்கும் சொன்னதில்லை.

மச்சாள் நின்றுவிட்டார். "அப்ப இவ்வளவு காலமும்?"

"வாய் அசையிறதைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

மச்சாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அடுத்த சந்தி தாண்டியதும் பாட்டை முதல் வரியிலிருந்து எடுத்தார். பாண்ட் இல்லாமல், காத்திருக்காமல், அண்ணையின் பக்கம் முகத்தைத் திருப்பி, கதைக்கிற சத்தத்தில். நான் கொஞ்சம் பின்தங்கி நடந்தேன்.