தண்ணி டேங்க்கைப் பார்த்து நில்லு

காலில் சக்கரம் கட்டின பிள்ளைகளைக்கூட விழாமல் நிற்க வைத்துவிடலாம். அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெரியவர்களை ஓரிடத்தில் சும்மா நிற்க வைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய பாடு. சிட்லபாக்கத்தில் ஒரு காலனிப் பூங்காவின் சிமெண்ட் தளத்தில் நான் ஸ்கேட்டிங் சொல்லித் தருகிறேன். ரேஸ் இல்லை. பாட்டுக்கு ஏற்றபடி சுழன்று, தாவி, ஒற்றைக் காலில் வழுக்கிக்கொண்டு போகிற வகை. பாட்டு, டியூஷன், நீச்சல் என்று ஊரார் பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லித் தந்து தலையைப் பிய்த்துக்கொள்ளும் புண்ணியவான்களே, போட்டிக்கு முந்தின வாரம் நான் பட்டதை உங்களிடம்தான் சொல்லி அழ முடியும்.

எப்படி நாலாவது?

யாழினி மாடம்பாக்கத்துப் பெண், ஒன்பதாவது படிக்கிறாள். என்னிடம் வருபவர்களில் உண்மையிலேயே ஆடத் தெரிந்தவள். அவள் அப்பா தினமும் கொண்டுவந்து விடுவார். ஆனால் ஒருநாளும் அவள் ஆடிப் பார்த்ததில்லை. ஆபீஸ் போன் ஓயாது. போன் வந்தால் மனுஷனுக்கு நடந்தே ஆகவேண்டும். பேசிக்கொண்டே தளத்தின் குறுக்கே அவர் நடக்க, சக்கரத்தில் வருகிற பிள்ளைகள்தான் ஒதுங்கிப் போகவேண்டும்.

அந்த வாரம் ஒருநாள் நேராக என்னிடம் வந்தார். "பத்தாவது வருது மேடம். இந்தத் தடவை மெடல் வாங்கினா பார்க்கலாம். இல்லேன்னா இதோட நிறுத்திக்கலாம்" என்றார். பக்கத்திலேயே லேஸ் கட்டிக்கொண்டிருந்த யாழினி தலையை நிமிர்த்தவே இல்லை. போன வருஷம் நாலாவது வந்தாளே, அது லேசுப்பட்ட விஷயமா, ஒவ்வொருத்தராகத்தான் ஆடுவார்கள், நடுவர்கள் பார்த்து மார்க் போடுவார்கள் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: "தனியாத்தானே மேடம் ஓடினா? அப்புறம் எப்படி நாலாவது வந்தா?"

விசிறி வைத்த டிரஸ்

தாம்பரம் மேற்கில் ஒரு டெய்லர். பரதநாட்டிய டிரஸ் தைப்பதில் கைராசிக்காரர். யாழினிக்குக் குட்டைப் பாவாடை, கையில் கொஞ்சம் ஜிகினா, அவ்வளவுதான் என்று போட்டோவோடு சொல்லிவிட்டு வந்தேன். இன்னைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, கடைசியில் அவர் எடுத்துக் காட்டியதில், முன்பக்கம் முழங்கால் வரைக்கும் மடிப்பு மடிப்பாக ஒரு விசிறி! குந்தி உட்கார்ந்து சுழலும்போது அது சக்கரத்தில் மாட்டினால் பிள்ளையின் கதி என்ன? "அண்ணா, நான் காட்டின போட்டோல விசிறி எங்க இருந்தது?" என்று கத்தியேவிட்டேன். அவர் கத்தரியை எடுத்து, பெற்ற பிள்ளையை வெட்டுகிற முகத்தோடு அதை வெட்டி எடுத்தார். "போட்டோல இல்லதான் மேடம். கொழந்த மேடை ஏறச் சொல்லோ முன்னால வெறிச்சுனு கீதேன்னு மன்சு கேக்காம நான்தான் வெச்சேன்."

டேங்க் சாமி

எங்கள் தளத்துக்கு ஒரு பக்கம் உயரமான தண்ணி டேங்க். நடுவர்கள் அந்தப் பக்கம் இருப்பதாக வைத்துக்கொண்டு ஆடச் சொல்வேன். டேங்க்கைப் பார்த்துக் கை நீட்டு, டேங்க்குக்கு முதுகைக் காட்டித் தாவு, பாட்டு முடிந்ததும் டேங்க்கைப் பார்த்து நில்லு. இதே பாட்டுதான் மாசக்கணக்காக. யாழினியும் தூக்கத்தில் எழுப்பினால்கூட டேங்க் இருக்கிற திசைக்குத் திரும்புவாள். அதில் எனக்குப் பெருமை வேறு!

தளத்தைச் சுற்றி வாக்கிங் போகிற ஒரு மாமா இதை ரொம்ப நாளாகக் கவனித்திருக்கிறார். போட்டிக்கு முதல் நாள், ஒத்திகைக்கு நடுவில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்தப் பொண்ணு தினம் டேங்க்கைக் கும்பிடுதே, ஏதாவது வேண்டுதலா? எங்க தெருவுல ரெண்டு நாளா தண்ணி வரல, அதையும் சேர்த்து வேண்டிக்கச் சொல்லேன்."

நாலு பக்கமும் சுவர்

கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியின் உள்ளரங்கத்தில் போட்டி. வண்டலூர் ரோட்டு டிராஃபிக்கில் ஊர்ந்து, மஞ்சள் டீ-சர்ட் போட்ட அப்பா வழியெல்லாம் போனில் பேச, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போனால் நாலு பக்கமும் ஒரே மாதிரி நீலச் சுவர். பயிற்சிக்கு இறங்கின யாழினி அழகாகச் சுழன்று முடித்து, கழிப்பறைக் கதவைப் பார்த்துக் கை நீட்டினாள். இன்னொரு தடவை ஆடச் சொன்னேன். ஜூஸ் விற்கிறவரைப் பார்த்து நீட்டினாள். கண்ணெல்லாம் கலங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "மிஸ், இங்க டேங்க் எங்க?"

அசையாதீங்க சார்

சுற்றிப் பார்த்தேன். மஞ்சள் டீ-சர்ட் கண்ணில் பட்டது. அப்பாவைத் தரதரவென்று இழுக்காத குறையாகக் கூட்டிப்போய், நடுவர் மேஜைக்குப் பின்னாலிருந்த படியில் நிறுத்தினேன். "சார், இன்னைக்கு நீங்கதான் டேங்க். பாட்டு முடியற வரைக்கும் ஒரு அடி நகரக்கூடாது." ஆபீஸிலிருந்து போன் வருமே என்று ஆரம்பித்தார். "டேங்க்குக்கெல்லாம் போன் வராது சார்!" என்று அதட்டிவிட்டு, யாழினிக்கு அவரைக் கை காட்டினேன்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சுழல், முதல் தாவல், எல்லாம் மஞ்சளைப் பார்த்து அம்சமாக முடிந்தது. பாதியில் அப்பாவின் கை பாக்கெட்டுக்குப் போயிற்று. ஒரு காலையும் கீழ்ப்படியில் எடுத்து வைத்துவிட்டார். என் உயிர் என்னிடம் இல்லை. அந்த நேரம் பார்த்து யாழினி தாவி, தடுமாறி, தொப்பென்று விழுந்தாள். எழுந்தவள் முதலில் தேடியது அவரைத்தான். அவர் காலை மேலே இழுத்துக்கொண்டு, போனைப் பார்க்காமலே அணைத்துவிட்டு, நெட்டுக்குத்தலாக நின்றார். அவள் மிச்சத்தை ஆடி முடித்து, அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி நின்றாள். அரங்கமே கைதட்டியது. அவர் மட்டும் தட்டவில்லை. நகரக்கூடாதென்று சொல்லியிருந்தேனே!

மறுபடியும் நாலாவது. மெடல் இல்லை. யாழினி ஒரு பக்கத்து லேஸை மட்டும் அவிழ்த்துவிட்டு, இன்னொன்றைத் தொடாமலே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றைக்கு இந்த மனுஷனோடு சண்டை போட்டாவது பார்த்துவிடுவது என்று வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "அடுத்த வருஷமும் மஞ்சள்தானே மேடம்? இது வெளுத்துப்போச்சு, புதுசு ஒண்ணு வாங்கிடறேன்."

ஆக, அசையாமல் நிற்கத் தெரிந்த ஒரு பெரியவர் கடைசியில் எனக்கும் கிடைத்துவிட்டார். இப்போது தினமும் டேங்க்குக்குக் கீழே நின்றுகொண்டு எப்படிச் சொல்லித் தரவேண்டும் என்று எனக்கே சொல்லித் தருகிறார், நான் போய் எந்தச் சுவரில் முட்டிக்கொள்ள!