போன சிக்னல் திரும்பக் கூடாது

தொழிற்சாலையில் பொருளைச் செய்கிறவருக்கு ஒரு திட்டு, விற்கிறவருக்கு ஒரு திட்டு என்றால், நடுவில் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கிறவருக்கு இரண்டும் சேர்ந்து வரும். டெஸ்டிங்கில் குப்பை கொட்டிய யாராவது இதைப் படித்தால், ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு மேலே படியுங்கள்.

எங்கள் கம்பெனி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கிறது. செய்வது ஒளி மாடுலேட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான டப்பா. மின்சிக்னலாக வருகிற செய்தியை லேசர் ஒளியின் மேல் ஏற்றிக் கண்ணாடி இழைக்குள் அனுப்பிவிடும். உங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்குப் பின்னால் எங்கோ இப்படி ஒன்று உட்கார்ந்திருக்கும்.

வேன் வகுப்பு

மீஞ்சூரிலிருந்து கம்பெனி வேனில் போவேன். டிரைவர் முனுசாமி அண்ணன் வள்ளூர்க்காரர். ஒருநாள் முன் சீட்டில் இடம் கிடைத்தது. "உள்ள உனுக்கு இன்னா வேலைமா?" என்று கேட்டார். கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஆரம்பித்துவிட்டேன். கயிற்றைச் சுவரில் கட்டி உதறினால் அலை போய் மோதித் திரும்பி வருகிறதில்லையா, அதுபோல வேகமான சிக்னலும், போகிற பாதையில் மின்தடை மாறுகிற இடத்தில் கொஞ்சம் மோதித் திரும்பிவிடும். அப்படித் திரும்புவது, பின்னால் வருவதோடு முட்டிக்கொண்டு எல்லாவற்றையும் குழப்பும். முதலிலிருந்து கடைசிவரை தடை பொருந்தியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

கம்பெனி கேட் வரும்வரை அண்ணன் யோசித்தார். "போன கரண்ட்டு திரும்பி வரக் கூடாதுன்னு நீ சம்பளம் வாங்கிக்கினு வேல செய்ற. எங்க தெருவுல போன கரண்ட்டு திரும்பி வரணும்னு நாங்க போன் மேல போன் போட்டுக்கினு கீறோம்."

கோடும் கோலமும்

அப்போது பெங்களூருக் கம்பெனி ஒன்றின் பெரிய ஆர்டர் கையில் இருந்தது. அதை நம்பித்தான் பாண்டிங் பிரிவில் காண்டிராக்ட் பெண்களை வைத்திருந்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இணைக்கிற வேலை. என் சிநேகிதி தேவகி அவர்களில் ஒருத்தி. ஆர்டர் போனால் அவளும் போவாள்.

முதலில் அனுப்பிய சாம்பிளைச் சோதித்தவர் அந்தக் கம்பெனி என்ஜினியர் சீனிவாசன். சிக்னலின் வேகம் கூடக்கூட வரைபடத்தில் கோடு மெதுவாகச் சரிந்து இறங்க வேண்டும். எங்களுடையது மேலும் கீழுமாக நெளிந்தது. போனில் அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நான் கோடு கேட்டேன் மேடம். நீங்க சிக்குக்கோலம் போட்டு அனுப்பியிருக்கீங்க."

வாசல் மேடு

சிக்னல் எங்கே மோதித் திரும்புகிறதோ அந்த இடத்தைத் திரையில் மேடாகக் காட்டுகிற கருவி ஒன்று உண்டு. அதில் இரண்டு மேடு தெரிந்தது. வாசலில் ஒன்று, கடைசியில் ஒன்று. வாசல் என்பது கேபிளை மாட்டுகிற கனெக்டரிலிருந்து டப்பாவுக்குள் இருக்கிற சிப்புக்குத் தங்கக் கம்பி தாவுகிற இடம். நடுவில் இடைவெளி அதிகம் விட்டிருந்ததால் கம்பி நீளமாக வளைந்து போனது. அந்த நீளம்தான் சிக்னலுக்கு முட்டுக்கட்டை. இடைவெளியைக் குறைத்து, கம்பிக்குப் பதில் குட்டையான தங்கப் பட்டை வைக்கலாம் என்றேன். டிசைன்காரர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. மீட்டிங், அதைப் பற்றிப் பேச இன்னொரு மீட்டிங். ஒருவழியாகச் சம்மதித்தார்கள்.

பழவேற்காட்டுக்காரி தேவகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டையை ஒட்டினாள். வாசல் மேடு படுத்துவிட்டது. மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டாள்: "இந்த எறும்புக்கால் சைஸ் பட்டைக்கா அத்தினி பேரும் ரூம்ல குந்திக்கினு கத்துனீங்க, அக்கா?"

பாபு சார் பார்க்காத பொருத்தம்

மிச்சமிருந்தது கடைசி மேடு. சிப்பின் கடைசிக்கு வந்த சிக்னலை விழுங்கிக்கொள்ள அங்கே ஒரு குட்டி ரெசிஸ்டர் இருக்கும். கேபிளின் தடை ஐம்பது ஓம், கனெக்டர் ஐம்பது ஓம், அதனால் அதையும் ஐம்பதாகவே வாங்கியிருந்தார்கள். ஆனால் சிப்பின் மேல் சிக்னல் ஓடுகிற பாதை நாற்பதுதான். கடைசியும் நாற்பதாக இருந்தால்தான் சத்தமில்லாமல் அடங்கும். ஐம்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்குகிற வாசலில் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். அது கஸ்டமர் பொறுத்துக்கொள்கிற அளவுதான்.

பர்ச்சேஸ் பாபு சார் லேசில் மசியவில்லை. ஊரே ஐம்பது வாங்கும்போது நமக்கு மட்டும் ஏன் நாற்பது என்றார். இரண்டும் பொருந்த வேண்டும் சார், பொருந்த வேண்டும் சார் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஆர்டர் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பொருத்தம் பாக்கல மேடம். பாத்திருந்தா அவளாவது தப்பிச்சிருப்பா."

நேரில் வந்தார்

சீனிவாசன் நேரில் வந்தார். வைத்த டீயைத் தொடவில்லை. தேவகி எதையோ எடுக்க வந்தவள்போலக் கதவருகே நின்றாள். புது டப்பாவை மாட்டி ஓடவிட்டேன். கோடு எங்கும் நெளியாமல் சரிந்து இறங்கியது. கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னார். வேறு டப்பா கேட்டார். அதுவும் அப்படியே இறங்கியது.

ஆர்டர் தொடரட்டும் என்று மேனேஜரிடம் சொன்னார். ஆறிப்போன டீயைக் குடித்தார். தேவகி ஒன்றும் எடுக்காமலே திரும்பிப் போனாள். இருந்தும் சீனிவாசனுக்குச் சந்தேகம் தீரவில்லை. மேஜைக்குப் பின்னால் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நிஜமாவே கனெக்ட் பண்ணியிருக்கா, இல்ல கோட்டை நீங்களே வரைஞ்சு வெச்சிட்டீங்களா மேடம்?"

மொத்தத்தில், வேலையை ஒழுங்காகச் செய்தால் திரையில் ஒன்றுமே தெரியாது என்பதுதான் எங்கள் தொழில். அதனால்தானோ என்னவோ, சம்பள உயர்வு பேசும்போது மேலதிகாரிகள் கண்ணுக்கும் ஒன்றும் தெரிவதில்லை.