சின்ன மாமனார் வரைக்கும் இருட்டு

கதவு போன வாசலில் நின்று, தலையை மட்டும் உள்ளே நீட்டி, இருட்டை முகர்ந்து பார்க்கிறார். "இந்த ரூமுக்குப் பெரிய அத்தை வரைக்கும் போதும்" என்கிறார். பெரிய அத்தை நான்தான். என் தங்கை மகளைக் கட்டியவர் அவர். குடும்பத்தில் அவருக்கு வவ்வால் என்று பெயர். எதிரில் வந்தால் மாப்பிள்ளை.

ஆள் விட்டுப்போன கட்டடங்களுக்குள் நுழைந்து, விளக்குப் போடாமல், இருக்கிற மங்கலிலேயே படம் எடுப்பது அவருக்கு வியாதி. பிழைப்பு வேறு. கடைத்தெருவில் சின்ன ஸ்டுடியோ; "தாடையை இறக்குங்க, கண்ணை மூடாதீங்க" என்று பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால், பழைய ஃபிலிம் கேமராவும் முக்காலியுமாக, மூடிய மில், பூட்டிய பள்ளிக்கூடம் என்று போய்விடுவார். அங்கே கிடக்கிற உடைந்த நாற்காலியைத் தொடவும் மாட்டார், தொட விடவும் மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். துண்டு கீழே விழுந்தால், "கெடக்கட்டும், நிழல் நல்லா விழுது" என்பார். "உங்க மேலயும் ஒரு நாள் விழும், துடைப்பத்தோட நிழல்" என்பாள் மனைவி.

இருட்டில் படம் பிடிக்க, கேமராவின் மூடியைக் கழற்றி வெகுநேரம் திறந்தே வைக்க வேண்டுமாம். கைக்கடிகாரத்து முள் அந்த இருட்டில் தெரியாது. போனைத் தொட்டால் அதன் வெளிச்சம் படத்தைக் கெடுத்துவிடும். அதனால் மனைவி வீட்டு உறவுகளை வரிசையாக முணுமுணுப்பார், ஓர் ஆளுக்கு ஒரு மூச்சு. மாமா, அத்தை, பெரிய அத்தை, மச்சான், மச்சான் மனைவி, அவர்கள் பிள்ளைகள், மச்சான் மனைவியின் தங்கைகள், தங்கைகளின் வீட்டுக்காரர்கள், கடைசியில் சின்ன மாமனார். கல்யாணத்தன்று நாங்கள் அவருக்கு ஆள் காட்டிய அதே வரிசை. ஜன்னல் இருக்கிற அறை என்றால் என்னோடு நின்றுவிடும். கும்மிருட்டு என்றால் சின்ன மாமனார் வரைக்கும் போக வேண்டும். ஏன் தன் பக்கத்து உறவைச் சொல்வதில்லை என்று கேட்டேன். "எங்க பக்கம் ஒரே அக்கா. அதை வெச்சு ஒரு கக்கூஸைக்கூட எடுக்க முடியாது, அத்தை."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு விருந்தில் என் தங்கை மகன், அதாவது அந்த மச்சான், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எங்க மாப்ளை பேய்ங்களுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறாரு" என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தோம். இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அன்றோடு அவனுடன் பேச்சு நின்றது. அதன் பிறகு எடுத்த படமெல்லாம் சட்டி அடியைப் போலக் கறுப்பாக வந்தன. ஃபிலிம் விற்றவனைத் திட்டினார். கழுவுகிற மருந்தை மாற்றினார். லென்ஸைக் கழற்றித் துடைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் பழைய தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. என் தங்கையின் வீட்டுக்காரர், அந்த வரிசையில் முதலில் வரும் மாமா, இறந்துபோனவர், அங்கே படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவர். மாப்பிள்ளையின் படங்களுக்கு 'ஒட்டடை' என்று பெயர் வைத்தவளே என் தங்கைதான். அவளே வாய் திறந்து கேட்டாள்: "இடிக்கிறதுக்குள்ள அவர் ரூமை ஒரு படம் எடுத்துக் குடுங்க, மாப்ளை. ஒரு நாள்கூட என்னை உள்ள விட்டதில்லை அந்த மனுஷன். அப்படி என்னதான் வெச்சிருந்தாருன்னு பார்க்கணும்." அவளுக்கு முழங்கால் மடங்காது. மாடி ஏறத் துணைக்கு என்னை அனுப்பினாள்.

புறா எச்சத்தில் வழுக்கி வழுக்கி ஏறினோம். காவல்காரர் கீழேயிருந்து, "நாளைக்குக் காலையில மிஷின் வந்துடும், சீக்கிரம் முடிங்க" என்று கத்தினார். மேலே ஒரு முட்டுச்சந்து போன்ற அறை. படம் பாய்கிற ஓட்டை வழியாக ஒரு விரல் வெளிச்சம். அதற்குக் கீழே, உட்காருமிடம் தேய்ந்து பளபளத்த ஒரு ஸ்டூல். வேறொன்றும் இல்லை.

"சின்ன மாமனார் வரைக்கும் போகணும்" என்று மூடியைக் கழற்றினார். "மாமா. அத்தை. பெரிய அத்தை. சின்ன மாமனார்." மூடிவிட்டார்.

"மாப்ளை, நடுவுல இருந்த ஊரையே காணோமே?"

"மச்சானை எடுத்துட்டேன்."

"அவன் பெண்டாட்டி, பிள்ளைங்க, கொழுந்தியாளுங்க?"

"அவன் போனா அவங்களும்தானே போவாங்க."

"அதான் படம் கறுப்பா வருது."

கேமராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "லென்ஸை வேற கழட்டித் துடைச்சேன்" என்றார் மெதுவாக. பிறகு ஃபிலிமைச் சுற்றிப் பார்த்தார். ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் மிச்சம் இருந்தது.

"மத்தவங்களை ரெண்டு தரம் சொல்லிடட்டுமா?"

"அத்தையை ரெண்டு தரமா? ஒரு தரம் சொல்றதுக்கே உங்களுக்கு மூச்சு வாங்குது. நான் சொல்றேன், நீங்க மூடியைப் பாருங்க."

"வேணாம். நீங்க ஒவ்வொருத்தருக்கும் என்னென்ன சீக்குன்னு நடுவுல சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க."

வெளிச்சம் ஸ்டூலை விட்டு நகரத் தொடங்கியிருந்தது. மூடியைக் கழற்றினார். "மாமா" என்றார், ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே. "அத்தை. பெரிய அத்தை." அங்கே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, "மச்சான்" என்றார். அப்புறம் தடையில்லாமல் வந்தது: மச்சான் மனைவி, பிள்ளைகள், தங்கைகள், வீட்டுக்காரர்கள், சின்ன மாமனார்.

மூடியை லென்ஸுக்குக் கிட்டே கொண்டுபோன கை அப்படியே நின்றது. குனிந்து அறையின் மூலையைப் பார்த்தார்.

"அந்த மூலை இன்னும் கொஞ்சம் இருட்டா இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, "மச்சான்" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு மூடினார்.